தெருவின் குறுக்கே ஒரு தர்ப்பைக் கயிறு

தை மாதம் இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை. எப்போதும் போல நான்கரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். முதல் நாள் ஊறவைத்த உளுந்தை அன்று அரைக்க முடியாது என்று தெரிந்ததால் வடித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வாசலில் பனி இறங்கியிருந்தது. கோலமாவு விழுந்த இடத்திலேயே ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

மற்ற வியாழக்கிழமைகளில் ஆறரை மணி பஸ்ஸில் கடலூருக்கு, அலுவலகத்துக்குப் போய்விடுவேன். அன்று விடுப்பு. என் இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டில். சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் நகர். அங்கே முதன்முதலாகக் கட்டிய பிள்ளையார் கோயிலுக்கு அன்று காலை ஒன்பது மணிக்குக் கும்பாபிஷேகம்.

யாகசாலைக்கு மண் எடுத்துவந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், கல் எந்த நிமிஷத்தில் சாமியாகிறது என்று நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். நேர்மையான கேள்வி. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நெல்லுக்குள் படுத்திருந்தவர்

சிலை பட்டறையிலிருந்து லாரியில் வந்தது. லாரிக்காரர் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "கல்லை எங்க எறக்கணும்?" என்பதுதான். எங்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. நாங்களும் கல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கல் எத்தனை அடி, கல் எத்தனை கிலோ, கல்லைத் தூக்க எத்தனை ஆள்.

அதை முதலில் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீருக்குள் கிடத்தினார்கள். பிறகு நெல்லில். நெல்லை என் அண்ணன் காட்டுமன்னார்கோயிலிலிருந்து கொண்டுவந்தார். மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியபோது அறுவடைக் களத்தின் வாசனை எழுந்து, அங்கிருந்தவர்களுக்கெல்லாம் தும்மல் வந்தது. தும்பிக்கை நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது.

மூன்றாவதாகப் படுக்கை. புதுப்பாய், புதுத் தலையணை, போர்த்திக்கொள்ளச் சால்வை. நகர்த் தலைவர் மணவாளன் சார் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கம்பத்தின் மேலிருப்பவருக்குக் கீழேயிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல் அவருக்கு. அவர் அன்று மாலை படுக்கைக்குப் பக்கத்தில் வந்ததும், விரலை உதட்டில் வைத்து, "மெதுவா பேசுங்க. படுத்திருக்காரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு கல் என்று யாரும் சொல்லவில்லை என்பதைத் தூங்கப் போகும் முன்புதான் கவனித்தேன்.

தூக்கி நிறுத்தியபோது இடது காது மடிப்புக்குள் ஒரு நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிற்பி அதைத் தட்டிவிடத் தூரிகையை எடுத்தார். குருக்கள் வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த நெல்லோடுதான் பீடத்தில் ஏற்றினார்கள்.

பீடத்துக்கும் சிலைக்கும் நடுவே அடைக்கும் அஷ்டபந்தன மருந்தை இடிப்பதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அரக்கு, மெழுகு, குங்கிலியம், எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். ஆண்கள் மாற்றி மாற்றி இடித்தார்கள். சூடு இருக்கும்வரை அது மெழுகு. ஆறிவிட்டால் பாறை. விரல் நுனியில் தொட்டுப் பார்த்தேன். சோப்புப் போட்டும் அந்த மணம் இரண்டு நாள் போகவில்லை. சோறு பிசையும்போதெல்லாம் கோயில் மணந்தது.

எதிர் மனை

இனி எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முட்டுச்சந்து. ஒரு முனையில் மெயின் ரோடு, மறுமுனையில் வாய்க்கால். நடுவில் கோயில். கோயிலைத் தாண்டி வாய்க்கால் பக்கமாக எங்கள் வீடு. எங்களுக்கு எதிர்வீடு லூர்து டீச்சர் வீடு.

கோயில் மனை மிகச் சிறியது. யாகசாலை போட இடமில்லை. கோயிலுக்கு நேர் எதிரே தெருவின் மறுபக்கம் இருந்த காலி மனை லூர்து டீச்சருடையது. மகனுக்காக வாங்கிப் போட்டது. டீச்சர் கணவரும் மணவாளன் சாரும் மச்சான் என்று பேசிக்கொள்கிறவர்கள்தான். இருந்தும் கேட்பதற்கு அவருக்குத் தயக்கம். அவுங்க வேற கோயில் ஆச்சே, எப்படிப் போய்க் கேட்பது என்று என்னை அனுப்பினார். டீச்சர் யோசிக்கவே இல்லை. மறுநாளே ஜேசிபி வரவழைத்து, மனை முழுக்க மண்டியிருந்த கருவையைப் பிடுங்கி எறிந்துவிட்டார். விருந்தாளி வருகிற இடத்தில் முள் கிடக்கக் கூடாதாம்.

அவர் கணவர் அந்தோணிசாமி அண்ணன் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மதியம் சிதம்பரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல். அதனால் அந்த முறை தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. புதன்கிழமை இரவெல்லாம் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார் என்று டீச்சர் காலையில் வாசல் பெருக்கும்போது சொன்னார். வியாழன் மதியம் போய்விட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். மதியத்துக்குள் எங்கள் கும்பாபிஷேகமும் முடிந்துவிடும். எல்லாம் பொருந்தியே இருந்தது.

கயிறு

கும்பாபிஷேகத்தன்று விடிந்ததும் செய்கிற சடங்குகளில் ஒன்று நாடி சந்தானம். யாகசாலையின் நடுக் கலசத்திலிருந்து கருவறை மூலவர் வரைக்கும், தர்ப்பையும் நூலும் சேர்த்து முறுக்கிய ஒரு கயிற்றைக் கட்டுகிறார்கள். இத்தனை நாள் மந்திரத்தால் கலசத்தில் சேர்த்த உயிர் அந்தக் கயிறு வழியாக மூலவரிடம் போகிறது. வயிற்றுப் பிள்ளைக்குத் தொப்புள்கொடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று குருக்கள் எங்களுக்கு விளக்கினார். கடைசி ஆகுதி முடிந்து கலசத்தைத் தூக்கும்வரை கயிறு இருக்கும். அதை யாரும் தாண்டக் கூடாது. காப்புக் கட்டியவர்களைத் தவிர யாரும் தொடக் கூடாது.

எங்கள் ஊரில் அந்தக் கயிறு தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. இடுப்பு உயரத்தில், யாகசாலை முகப்பிலிருந்து கோயில் வாசல் வரை. யாகசாலை மனை முழுவதையும் அடைத்திருந்தது. தெருவைப் பார்த்த முகப்பு தவிர மற்ற மூன்று பக்கமும் தட்டி. உள்ளே போகும் வழி எங்கள் வீடுகளின் பக்கத் தட்டியில். ஆகவே கயிறு கட்டிய பிறகு எங்கள் பக்கத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வழி கிடையாது. மணவாளன் சார் முதல் நாளே வீடு வீடாகப் போய் வெளியே போகிற வேலை இருப்பவர்கள் விடியுமுன் போய்விடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்.

கயிறு கட்டியபோது கிழக்கு வெளுத்திருந்தது. அதன் மேல் பனி இறங்கி, தர்ப்பைத் தாள்களின் முனையில் சொட்டுச் சொட்டாக நின்றது. யாகசாலைப் புகை அதன் மேலாகவே தெருவைக் கடந்து கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கம் அடித்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. மெயின் ரோடு பக்கம் நின்ற கூட்டம் நாதஸ்வரம் ஓய்ந்ததும் தானாக அமைதியாகிவிட்டது. 

போன்

பூர்ணாகுதியில் இடுவதற்கு வைத்திருந்த பட்டுத்துணியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கேட்டில் லூர்து டீச்சர் நின்றிருந்தார். கையில் பை. அதற்குள் போர்வை, ஸ்வெட்டர், பிஸ்கட் டப்பா. அவர் டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிற பை எனக்குத் தெரியும். பக்கத்தில் குமாரின் ஆட்டோ. குமார் எங்கள் தெருக்காரன், அண்ணனைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவன்.

டீச்சர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

சிதம்பரத்திலிருந்து போன் வந்ததாம். மிஷின் ஒன்று நின்றுவிட்டது, மதியம் அண்ணனுக்கு இடமில்லை. காலையில் ஒருவர் வரவில்லை, அவர் இடத்தில் அண்ணனை மிஷினில் ஏற்றிவிடுவார்கள். எட்டரைக்குள் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் சனிக்கிழமைதான்.

"நாங்க பாத்துக்கிறோம்மா. நீங்க போங்க, அங்க தேடப்போறாங்க" என்றார் டீச்சர். குரல் சாதாரணமாக இருந்தது. பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஆட்டோவுக்குள் அந்தோணிசாமி அண்ணன் முன்பக்கக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். "சனிக்கெழமதான... போய்க்கலாம். நம்மளால சாமிக்கு... எடஞ்சல் வேணாம்."

எனக்குப் பட்டுத்துணி மறந்துவிட்டது. மணவாளன் சாரிடம் போனேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தக் கோயிலுக்காக அவர் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தவள். பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவியும் அவரும் மட்டும். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை இது. நான் சொன்னதும் கயிற்றைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார். நாற்காலியில் தூக்கிப் போகலாமா என்றார் என் வீட்டுக்காரர். நாற்காலியில் போனாலும் ஆட்டோவில் போனாலும் கயிறு கயிறுதானே. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

குருக்கள் குண்டத்துக்கு முன்னால் இருந்தார். இரண்டு ஆகுதிகளுக்கு நடுவே அவர் நிமிர்கிறவரை காத்திருந்து சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூச்சு வாங்கறதா?"

ஆமாம் என்றேன்.

குண்டத்தில் ஒரு கரண்டி நெய் விட்டார். "மேல தூக்குங்கோ. அடியில போகட்டும். பெரிய கோயில்ல கோபுரத்துக்கு அடியிலதான் தெனம் போறோம். கோபுரத்தைத் தாண்டிட்டோம்னு யாராவது சொல்றாளா?"

மணவாளன் சார் என் பின்னால் வந்து நின்றிருந்தார். "சாமி, அறுந்துட்டா?" என்றார்.

"அறுந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முகூர்த்தம் தப்பிடும். வேற நாள்தான் பாக்கணும்." குருக்கள் அதைப் பயமுறுத்துகிற மாதிரி சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பது மாதிரி சொன்னார். "ஆட்டோவை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். தள்ளிண்டு போங்கோ. காப்புக் கட்டின கை மட்டும் கயிறைத் தொடட்டும். அவர் அந்தப் பக்கம் போற வரைக்கும் நான் ஆகுதியை நிறுத்த மாட்டேன்."

மறுபடி குண்டத்துக்குத் திரும்பிவிட்டார். இனி முடிவு எங்களுடையது என்று புரிந்தது.

மணவாளன் சார் நின்ற இடத்திலேயே நின்றார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை இருந்தது? வாய்க்கால் பக்கம் போட்டிருந்த சாப்பாட்டுப் பந்தலை நோக்கி அவர் திரும்பியபோது குரல் பழைய மின்வாரியக் குரலாக இருந்தது. "அந்த பெஞ்சுங்கள எடுத்தாங்கப்பா."

பெஞ்சுகள்

சிதம்பரத்தில் தேரோட்டத்தின்போது தேருக்காக மின்கம்பிகளை அவிழ்த்து ஒதுக்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த வேலையையும் பல வருஷம் செய்தவர்தான் மணவாளன் சார். தேருக்கு வழிவிட எந்தக் கம்பியை எப்போது இறக்கி எப்போது ஏற்றுவது என்று அவருக்குக் கை மனப்பாடம். அந்தக் கைதான் அன்று பெஞ்சுகளைப் போட்டது. கயிற்றையொட்டி, தெருவின் இரண்டு ஓரத்திலும். நடுவே ஆட்டோ போகிற அகலம்.

காப்புக் கட்டியவர்கள் மூன்று தம்பதிகள். மணவாளன் சாரும் அவர் மனைவியும், மளிகைக்கடைக்காரரும் அவர் மனைவியும், நாங்கள் இருவரும். பக்கத்துக்கு மூன்று பேராகப் பெஞ்சில் ஏறினோம். புடவையைச் செருகிக்கொண்டு பெஞ்சில் ஏறி எத்தனை வருஷம் ஆயிற்றோ. கருவறைக்குள் உதவிக் குருக்கள், மூலவர் பாதத்தில் சுற்றி வைத்திருந்த மிச்சக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். நாங்கள் ஒரே சீராக உயர்த்த வேண்டும். யாராவது முந்தினால் இழுபடும். பிந்தினால் முறுகும். உலரத் தொடங்கிய தர்ப்பை சொல்லாமல் அறும்.

மணவாளன் சார் வாயால் எண்ணவில்லை. தாடையைத் தூக்கினார். நாங்கள் தூக்கினோம். தாடையை நிறுத்தினார். நிறுத்தினோம். கயிறு இடுப்பிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தலைக்கு, தலைக்கு மேல் கை எட்டும் உயரத்துக்குப் போயிற்று.

குமார் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து லூர்து டீச்சரும் தெருவிலிருந்த இரண்டு பெண்களும் ஆட்டோவைத் தள்ளினார்கள். சக்கரம் மணலில் அரைபடுகிற சத்தம் தவிர, குருக்களின் குரல்தான் கேட்டது.

பெஞ்சுக்கு நேராக வந்ததும் உள்ளிருந்து அந்தோணிசாமி அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மச்சான், அறுந்துச்சின்னா... என் மேல பழி போடாத."

மணவாளன் சார் கையை அசைக்காமல், கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் பதில் சொன்னார். "அறுந்தா ஒரு முனைய உன் கையில குடுத்து, ஒண்ண என் கையில புடிச்சிக்குவேன். வாய மூடிக்கினு குந்து."

"குமாரு... ஹேண்டில நேரா வையி. பஸ்ஸாட்டம் ஒடிக்காத."

ஆட்டோ கயிற்றுக்கு நேர் அடியில் வந்தது. கூரைக்கும் கயிற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. இருந்தும் அண்ணன் உள்ளே தலையைக் குனிந்துகொண்டார். தள்ளிக்கொண்டிருந்த டீச்சரும் குனிந்தார்.

அப்போது கயிறு என் கைக்குள் துடித்தது.

காற்றாக இருக்கலாம். அடுத்து நின்ற மணவாளன் சார் மனைவியின் கை நடுங்கியிருக்கலாம். என் மணிக்கட்டு நாடியே எனக்குக் கேட்டிருக்கலாம். இவை எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். துடித்தது. ஒரு தடவை இல்லை, விட்டு விட்டு, ஒரு தாளத்தோடு. என் வீட்டுக்காரரிடம் பிறகு கேட்டேன். அவர் எதிர்ப்பக்கம் நின்றவர். தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆட்டோ அந்தப் பக்கம் போனது. கூட்டம் பிளந்து வழிவிட்டது. மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் குமார் இன்ஜினைப் போட்டான். நாங்கள் கயிற்றை ஏற்றிய மாதிரியே இறக்கினோம். உதவிக் குருக்கள் மிச்சத்தைச் சுற்றிக்கொண்டார். ஒரு தாள்கூடப் பிரியவில்லை.

மணவாளன் சார் பெஞ்சிலிருந்து இறங்க முடியாமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி அவர் முதுகில் கை வைத்து நின்றார்.

விமானத்தின் மேல்

ஒன்பது மணிக்குக் கலசத்தைத் தலையில் தாங்கி குருக்கள் சாரத்தில் ஏறினார். தவில் உச்சத்துக்குப் போனது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், கருடன் வருகிறதா என்று. வந்ததாகப் பாதிப் பேர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் விமானத்தின் மேல் விழுந்து வழிந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. தவில் சத்தத்தில் டீச்சர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. ஒரு சொல்தான் கேட்டது. ஏத்திட்டாங்க.

விசிறித் தெளித்த தண்ணீர் முகத்தில் பட்டது. அது நவம்பர் மழை மாதிரிச் சில்லென்று இருந்தது. கைகூப்பக் கையைத் தூக்கினால், பெஞ்சில் நின்று தூக்கிய வலி அப்போதுதான் தோளில் தெரிந்தது.

பிறகு கருவறைக்குள் முதல் அபிஷேகம். வரிசையில் நின்று வாசலுக்கு வந்தேன். பால் வழிந்து முடிந்து முகம் தெரிந்த நொடியில், இதற்கு முன் இவரை நெல்லுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் பார்த்தவள் நான் என்ற எண்ணமே வரவில்லை. அவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிற்பகல் ஆட்டோ திரும்பி வந்தபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று டீச்சர் சைகை காட்டினார். ஆட்டோ அவர் வீட்டு வாசலில் அப்படியே வெகுநேரம் நின்றது. குமார் பக்கத்தில் குந்தி, பந்தல் சாப்பாட்டை இலையோடு மடியில் வைத்துச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை

மண்டலாபிஷேகத்தின் முதல் நாள். ஆறு மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். எழுந்ததும் நான் முதலில் செய்தது இது: விளக்குப் போடாமல், முகம் கழுவாமல், வாசல் கதவைத் திறந்து எதிர்வீட்டுப் பக்கம் காது கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு அடுப்படி ஜன்னல் வழியாக அந்தோணிசாமி அண்ணன் குரல் வந்தது. மூச்சு இடையில் நிற்காத, முழு வாக்கியம்.

"நேத்து அம்மாந் தண்ணி எடுத்துருக்காங்க, ஒரு காப்பிய முழுசா ஊத்துனா என்னா கொறைஞ்சி பூடும்?"

"அரை டம்ளர்தான்" என்றார் லூர்து டீச்சர்.

"முக்கா."

"அரை."

நான் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.